பம்ப் ரூம் தாளில் என் பெயருக்கு எதிரே ஒரு பெட்டி

சைனிக்புரி, ஹைதராபாத்
புதன்கிழமை

அன்பு மகள் உஷாவுக்கு அப்பா எழுதுவது.

முதலில் என் கையெழுத்துக்காகக் கோபித்துக்கொள்ளாதே. கோடு போட்ட தாள்தான், ஆனாலும் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. ழ வரும்போதெல்லாம் பேனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அவளுக்கு முட்டி வலி காலையில் மட்டும்தான். நீயும் மாப்பிள்ளை பிரசன்னாவும் குழந்தை மஹதியும் அயர்லாந்துக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போனில் சொல்லாதே, எழுது. நானே பிரித்து நானே படிக்க வேண்டும். எழுபத்தொரு வயதில் நான் படிக்கப்போகும் முதல் கடிதம் உன்னுடையதாக இருக்கட்டும்.

போனில் சொல்லாமல் இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். எனக்கு எல்லார் மேலும் சந்தேகமாம். முப்பத்திரண்டு வருஷம் போலாரம் ராணுவ மெஸ்ஸில் சமைத்தவன், உப்பைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் போடுவேன், மனுஷர்களை மட்டும் பார்க்காமல் நம்பு என்றால் எப்படி. விஷயத்தைக் கேள். காலனியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிறது, நாங்கள் நான்கு பேர் முறை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வால்வு திறக்கிறோம், திறந்தவர் பம்ப் ரூம் சுவரில் மாட்டியிருக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமைதோறும் சங்கத்து ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து புதுத்தாள் வரும். நீ போன வருஷம் லீவில் வந்தபோது இரண்டு மத்தியானம் உட்கார்ந்து என்னவோ செய்துகொடுத்தாயே, அதே கம்ப்யூட்டர்தான். தாள் இங்கிலீஷில் இருக்கும், எனக்கு அது இன்னும் வராது. ஆனால் மற்ற மூன்று பேருக்கும் பெயருக்கு எதிரே ஒரு கோடு, எனக்கு மட்டும் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி, கைநாட்டு வைப்பதற்கு. இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு எதற்கு.

முன்பு அது சரி. இப்போது செக்ரெட்டரி ராஜாராமனின் மனைவி கல்பகம் டீச்சர் ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்து நான் எழுதுகிறேன். பொங்கல் முடிந்த வாரம் முதல்முறையாக அந்தப் பெட்டிக்குள் சம்பந்தம் என்று எழுதினேன். எனக்கு அடுத்த முறைக்காரன் எலக்ட்ரீஷியன் சாய்குமார், மெஸ்ஸில் என்னோடு இருந்து தமிழ் பழகியவன், அதைப் பார்த்துவிட்டு, "க்யா அண்ணா, பங்களா இவ்ளோ பெருசு, குடியிருக்கிறவரு இத்துனூண்டு" என்று சிரித்தான். ராஜாராமனிடம் போய்ச் சொன்னேன். "அடடா, கவனிக்கலையே சம்பந்தம்" என்று என் கண் முன்னாலேயே திருத்திப் புதுத்தாள் எடுத்துக் கொடுத்தார். நான்கு பேருக்கும் கோடு. அடுத்த திங்கட்கிழமை பெட்டி திரும்பி வந்துவிட்டது. மறுபடி சொன்னேன், மறுபடி திருத்தினார், மறுபடி வந்தது. போன தடவை, "என்னய்யா இது, பேய் மாதிரி" என்று அவரே ஆச்சரியப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டார். நான் நம்பவில்லை.

பம்ப் ரூம் சாவி வைத்திருக்கும் ஜெயச்சந்திரன் சார் பெங்களூரில் மகன் வீட்டோடு தங்கப் போகிறார். வருகிற ஞாயிறைத் தாண்டி அடுத்த ஞாயிறு கூட்டம் போட்டு, சாவியை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். சாவி வைத்திருப்பவர் தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், எந்த வால்வு ஒழுகுகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். எனக்கு அந்தச் சாவி வேண்டும் உஷா. "எழுதத் தெரிஞ்சவங்களா பார்க்கணும்" என்று ராஜாராமன் சொன்னபோது என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வாரா வாரம் அந்தப் பெட்டி சுவரில் தொங்கினால் எனக்கு யார் கைதூக்குவார்கள். வீட்டுக்காரம்மா எழுத்துச் சொல்லித் தருகிறார், வீட்டுக்காரர் இவன் கைநாட்டு என்று நோட்டீஸ் ஒட்டுகிறார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்களோ என்னவோ. டீச்சர் போன வாரம் எனக்கு மட்டும் ஒரு பக்கம் அதிகமாக வீட்டுப்பாடம் கொடுத்தார். ஏன்?

செவ்வாய்க்கிழமை

மேலே உள்ளதைக் கிழித்துப் போட வேண்டும்தான். ஆனால் அதை எழுத எனக்கு ஐந்து நாள் ஆயிற்று, மனசு வரவில்லை. நேற்று காலை ஆபீஸ் திறக்கும்போதே போய், பென்ஷன் விஷயம் கேட்க வந்தவன் போல உட்கார்ந்து கவனித்தேன். ராஜாராமன் வரவே இல்லை. ஆபீஸ் பார்க்கும் சுமலதா கம்ப்யூட்டரில் எதையோ ஒரு தட்டுத் தட்டினாள். புதுத்தாள் பெயர்களோடும் பெட்டியோடும் தானாக வந்து நின்றது. கை வைத்துப் பெட்டி போட்டவர் யாருமே இல்லை. கேட்டேன். "இது டெம்ப்ளேட் தாத்தா, வாரா வாரம் இதுலேர்ந்துதான் புதுசு வரும். சார் திருத்தினது வெளிய வந்த தாளை. உள்ள இருக்கிறதுக்கு அது எப்படித் தெரியும்" என்றாள். முறுக்குக் குழலில் அச்சை மாற்றாமல், விழுந்த முறுக்கை விரலால் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர். அப்படியானால் உள்ளே பெட்டி வைத்தது யார் என்று விடாமல் கேட்டேன். "அரே, தெரியாத மாதிரி கேக்கறீங்க, உங்க உஷாதானே" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நீ ஊருக்குக் கிளம்பும் முன்பு என்னை ஒரு தாளில் கட்டைவிரலை வைக்கச் சொல்லி ஸ்கேலால் அளந்தாய். பாங்கு வேலைக்கு என்று நினைத்தேன். அதற்கு முன்பெல்லாம் என் விரல் மை அடுத்த வரியில் போய் அப்பும், ஜெயச்சந்திரன் சார் முணுமுணுப்பார், நான் விரலை ஒடுக்கி ஒடுக்கி வைப்பேன். நீ அதைப் பார்த்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மாதமாக நான் ராஜாராமனைத் திட்டியதெல்லாம் உன்னைத்தான் திட்டியிருக்கிறேன். சுமலதா உள்ளே இருக்கும் தாளைத் திறந்து, என் கையை மௌஸ் மேல் வைத்து, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினாள். பெட்டியை நானே எடுத்தேன். அதற்கு முன்னால் பெட்டி உள்ள தாள் ஒன்றை எடுத்துத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மாலை

கூட்டம் முடிந்தது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. என் பெயரைச் சொன்னது யார் தெரியுமா, ராஜாராமன். டீச்சர் கொடுத்த அந்த அதிகப்படி வீட்டுப்பாடத்தில் வால்வு, ஒழுகல், அழுத்தம், நிமிஷம் என்ற வார்த்தைகள்தான் இருந்தன. இப்போது புரிகிறது. ஆனாலும் அவர் ஏன் திடீரென்று இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்று ஒரு யோசனை இருக்கத்தான் செய்கிறது. அம்மாவிடம் சொல்லாதே.

குளிரில் காது மூடாமல் வெளியே போகாதே. மஹதிக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடு, அவளும் நானும் ஒரே வகுப்பு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். அந்தப் பழைய தாளில் நீ அளந்து போட்ட பெட்டிக்குள் கடைசியாக ஒருமுறை விரலை வைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். சரியாகப் பொருந்துகிறது, ஒரு பக்கமும் வழியவில்லை. பத்திரமாக வைத்துக்கொள். நாளைக்குத் திங்கட்கிழமை. நான் பக்கத்தில் இல்லாதபோதும் தாள் கோட்டோடு வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சம்பந்தம்
(நானே எழுதியது)