பன்னிரண்டும் ஐம்பத்தொன்றும்: பூந்தமல்லிப் பெண்களின் வேலைக் கணக்கு

அனுப்புநர்
கோ. கன்னியப்பன்,
தற்காலிகக் கணக்கெடுப்பாளர்,
பட்டாபிராம்.

பெறுநர்
தனி அலுவலர் அவர்கள்,
மகளிர் தொழில் கணக்கெடுப்புத் திட்டம்,
சென்னை.

பொருள்: இரு கணக்கெடுப்புகளின் முரண்பாடு – பணிநீக்கம் செய்யப்பட்ட செல்வி ஜுபைதா மீதான குறிப்பை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பூந்தமல்லியில் நூறு வீடுகளுக்குப் பன்னிரண்டில்தான் பெண்கள் சம்பாதிக்கிறார்கள் என்றது என் கணக்கு. அதே ஊரில் சில சந்துகளைக் கணக்கெடுத்த சக பணியாளர் ஜுபைதாவின் கணக்கு ஐம்பத்தொன்று என்றது. என்னுடையது ஏற்கப்பட்டது. அவர் கற்பனையாக எழுதியதாகக் குறிப்பெழுதி நீக்கப்பட்டார். சம்பாதிக்கும் தாய்மார்களின் பிள்ளைகளுக்காக அங்கே தொடங்கவிருந்த குழந்தைகள் காப்பகமும் தேவையில்லை என்று முடிவாயிற்று.

2. நான் எல்லா வீடுகளுக்கும் போனேன். ஆனால் கதவைத் திறந்தவரிடம், "வீட்டுப் பெண்களுக்கு வேலை உண்டா?" என்று ஒரே கேள்வி கேட்டேன். தஸ்தகீர் என்பவர் தம் மனைவியைப் பற்றி, "ஊட்ல சும்மாத்தான் கீது சார்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். ஜுபைதா அந்த மனைவி ரசூல் பீவியிடமே உட்கார்ந்து, முந்தைய நாள் முழுவதும் செய்தவற்றைக் கேட்டிருக்கிறார். "சோறாக்குனேன், புள்ளைய குளிப்பாட்னேன், ஆறு டஜன் சட்டைக்குப் பொத்தான் தச்சேன். இதெல்லாம் வேலையாம்மா?" என்றாராம்.

3. நீக்கப்பட்ட அன்று ஜுபைதா வாதாடவில்லை. "போவட்டும் சார். ஃபாரமெல்லாம் நனையாம எடுத்து வைங்க. அந்தம்மாங்க சொன்னது அதுலதான் கீது" என்றார். அன்றிரவு அந்தப் படிவங்களை எடுத்துப் படித்தேன்.

4. எனவே நாங்கள் இருவரும் ஊர் முழுவதிலுமிருந்து சீட்டுப் போட்டு அறுபது வீடுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இருவர் கேள்விகளையும் கேட்டோம். என் கேள்விக்கு எட்டு வீடுகள் அகப்பட்டன. அவர் கேள்விக்கு இருபது. அதாவது நான் ஒன்று எண்ணும் இடத்தில் உண்மையில் இரண்டரை. என் பன்னிரண்டை அவ்வாறு திருத்தினால் முப்பது வருகிறது.

5. ஐம்பத்தொன்று ஏன் கூடுதல் என்பதையும் முதலில் சொன்னவர் ஜுபைதாவே. அவருக்கு ஒதுக்கப்பட்ட நூற்றிருபது வீடுகளும் தையல் வேலை மிகுந்த சந்துகளில் இருந்தன. தமக்கு எதிரான இதை மனுவில் கட்டாயம் எழுதச் சொன்னார். இருவரில் யாரும் பொய் எழுதவில்லை ஐயா. அவர் கேள்வி சரி, என் பரப்பு சரி. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு.

6. நாங்கள் மறுபடி போனபோது, ஊசி எட்டாதபடி ரசூல் பீவி தம் குழந்தையின் இடுப்பில் துணி கட்டிக் கட்டில் காலோடு முடிந்திருந்தார். காப்பகம் பற்றிய முடிவை முப்பது என்ற எண்ணைக் கொண்டு மறுபரிசீலனை செய்யவும், ஜுபைதா மீதான குறிப்பை அடித்துவிட்டு அவரை மீண்டும் பணியில் அமர்த்தவும் வேண்டுகிறேன்.

7. மேலும் ஒரு திருத்தம். பட்டாபிராமில் என் வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளரிடம், என் மனைவி வடிவுக்கு வேலை இல்லை என்று சொன்னவன் நானே. அவர் பதினோரு ஆண்டுகளாக ரவிக்கை தைத்து வருகிறார். அந்தப் படிவத்தைத் திருத்தித் தர வேண்டும். இம்முறை கேள்வியை அவரிடமே கேட்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பட்டாபிராம்
நாள்: 22.8.1988

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
கோ. கன்னியப்பன்

இணைப்பு: அறுபது வீடுகளின் படிவங்கள்.