தடையை மீறியவள் நீ இல்லை, பேச்சியக்கா

பாசமுள்ள பேச்சியக்கா,

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலம் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிகிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை. நீ போன பிறகு தென்காசியில் ஒரு வேலை கிடைத்தது. என்ன வேலை என்று சொன்னால் சிரிப்பாய். கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன்.

இணையத்தில் கிடக்கிற எழுத்தையெல்லாம் அது தானாகவே படித்து, உலகத்தில் எது எப்படி என்று தெரிந்துகொள்ளும். அது கற்றது சரியா தப்பா என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘குற்றாலம் தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.’ சரி. ‘சுரண்டையில் சந்தை உண்டு.’ சரி. போன வாரம் என் திரையில் நீ வந்தாய். ‘கீழப்பாவூர் பேச்சியம்மாள், தடையை மீறி அருவியில் குளித்ததால் வெள்ளத்தில் இறந்தார்.’

தப்பு என்று அழுத்தினேன். எங்கள் டீம் லீடர் எழுந்து வந்தாள். நல்லவள்தான்.

“ஏட்டி, எல்லா சைட்டுலயும் இப்படித்தான போட்டிருக்கு? நீ சொல்லுததுக்கு லிங்க் இருக்கா?”

“நான் அங்கன நின்னேன்க்கா.”

“நீ நின்னது அதுக்கு எப்படித் தெரியும்? அது படிச்சாத்தான் உண்டு.”

நான் அழுத்திய ‘தப்பு’ என்பதை ‘சரி’ என்று மாற்றிவிட்டுப் போய்விட்டாள்.

எவனோ ஒருவன் விசாரிக்காமல் எழுதினான். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். இப்போது அந்த ஊர்வாயைத்தான் கம்ப்யூட்டர் பாடமாகப் படிக்கிறது. நிறையப் பேர் சொன்னால் அதற்கு அது உண்மை.

அன்று என்ன நடந்தது? நாம் குளிக்கப் போனபோது தடை எதுவும் இல்லை. அடுத்தவர்களுக்கு இடம் விடச் சொல்லி அருவியில் எந்நேரமும் விசில் ஊதுவார்கள். அதனால் வெள்ளத்துக்கு ஊதிய விசிலுக்கும் யாரும் அசையவில்லை. தண்ணீர் செம்மண் நிறமானதும் என்னை இழுத்துக்கொண்டு முதலில் வெளியே வந்தவள் நீ. கம்பியைப் பிடித்தபடி திகைத்து நின்ற ஒரு வெளியூர் அம்மாவுக்காகத் திரும்பிப் போனாய். அவளைக் கரையில் தள்ளிவிட்டாய். அவள் பிழைத்தாள், உன்னை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. எந்தச் செய்தியிலும் அவள் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அவள்?

உன் மகள் கனகா ஆலங்குளத்தில் காலேஜ் படிக்கிறாள். செல்போனில் அந்தக் கம்ப்யூட்டரிடம் உன் பெயரைப் போட்டுக் கேட்டிருக்கிறாள், அதுவும் அதையேதான் சொல்லியிருக்கிறது. “எங்கம்மா சொன்ன பேச்சைக் கேட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா, சித்தி” என்கிறாள். நடந்ததை எத்தனை முறை சொன்னாலும், “நான் அழக் கூடாதுன்னு இப்படிச் சொல்லுதிய” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உன் படத்துக்குப் பூ வைப்பதையும் விட்டுவிட்டாள்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லோரும் பார்க்க இணையத்தில் போடுகிறேன். ஒன்று போதாதென்றால் இன்னொன்று எழுதுவேன். அந்தக் கம்ப்யூட்டர் உன்னைப் பற்றிய உண்மையைக் கனகாவுக்குச் சொல்லும்வரை விடமாட்டேன், இது சத்தியம். அது சொன்னால் அவள் உடனே நம்பிவிடுவாள். நான் சொல்லித்தான் நம்பவில்லை.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
தங்கை செண்பகம்