ஷ்ப்ரின்ஸாவுக்கு ஒரு தேதி

2004 ஜனவரி 11, ஞாயிறு. ஹைஃபா

அம்மா போய் மூன்று வாரம் ஆகிறது. இன்று கல் செதுக்கும் அபுத்புலிடம் போய் அம்மாவின் கல்லறைக்கு வாசகம் கொடுத்துவிட்டு வந்தேன். கிளம்பும்போதுதான் அது வாயில் வந்தது. பக்கத்தில் இருக்கும் அப்பாவின் கல்லிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அவருடைய அக்கா பெயர். லித்துவேனியாவில் நாற்பத்தொன்றில் நாஜிகள் கொன்றுவிட்டார்கள், கல்லறை கிடையாது என்றேன்.

"பேர் சொல்லுங்கம்மா."

"ஷ்ப்ரின்ஸா."

"செத்த தேதி?"

"கோடைக்காலம். சுமாரா..."

"சுமாரான்னு கல்லுல செதுக்க முடியாதும்மா. தப்பாப் போச்சுன்னா ரப்பர் வச்சா அழிக்கிறது?"

அப்பா சாகும்போது என்னிடம் கேட்டது இந்த ஒரு வரிதான். பதினாறு வருஷமாகச் செய்யவில்லை. ஏன்? அது என் பெயர். யூதர்களான எங்களில் இறந்தவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கவே மாட்டார்கள். நான் பிறந்ததும் அத்தை பெயரை என் தலையில் கட்டினார் அப்பா. பள்ளிக்கூடத்தில் அந்தப் பழங்காலப் பெயரைச் சொல்லிச் சொல்லியே என்னைப் பாடாய்ப் படுத்தினார்கள். பன்னிரண்டு வயதில் நானே 'ரீனா' ஆகிவிட்டேன். அப்பா மட்டும் விடவில்லை. "அவளுக்கு ஒரு குழிகூடக் கிடையாது. உன்னைக் கூப்பிட்டாத்தான் அவ பேரு வெளியில வரும்" என்பார். அதே பெயரைக் கல்லில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் காரணம். வெட்கக்கேடு.

ஜனவரி 12

தேதியைக் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை. அப்பாவுக்கு நான் பாக்கி வைத்தது இது ஒன்றுதான்.

ஜனவரி 20, செவ்வாய்

ஜெருசலேம் போய் வந்தேன். கொல்லப்பட்டவர்களுக்காக உறவினர்கள் எழுதிக் கொடுத்த தாள்களையெல்லாம் அங்கே ஒரு காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு தாள். அப்பா அத்தைக்காக ஐம்பத்தேழில் எழுதியதைக் காப்பகத்துப் பெண் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவின் கோணல் கையெழுத்து. இறந்த தேதி: தெரியாது. கடைசியாகப் பார்த்தது: ஆவ் மாதம் நான்காம் நாள். எங்கள் நாட்காட்டியில் அது கோடை மாதம். வருஷா வருஷம் அப்பா அத்தை நினைவாக மெழுகு விளக்கு ஏற்றிய நாள். சரி, எனக்குத் தெரிந்ததுதான். எழுந்துவிட்டேன்.

அவள் நகரவில்லை. "இன்னொரு தாள் இருக்குங்க. இந்த ஸெலிக் பேர்லயே."

"ஸெலிக் எங்கப்பா. ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் செத்தார். அவருக்கு எதுக்கு இங்க தாள்?"

"முதல்ல உட்காருங்க. தண்ணி குடிங்க."

அப்பாவின் பெயர், தாத்தா பாட்டி பெயர், ஊர், பிறந்த வருஷம் எல்லாம் சரியாக இருந்தன. நாற்பத்தொன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று எழுதியிருந்தது. எழுதிக் கொடுத்தவர்: ஷ்ப்ரின்ஸா கார்லின்ஸ்கி. உறவு: அக்கா. வருஷம் 1956. முகவரி: அக்கோ.

அக்கோ! எங்கள் பால்கனியில் நின்றால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் தெரிகிற விளக்குகள்! அரை மணி நேர பஸ். ஐயோ, அப்பா அந்த பால்கனியில்தானே தினமும் டீ குடித்தார்!

"ரெண்டு தாளும் ஒரே கட்டடத்துலதானே இருந்துது? ஒருத்தர்கூடப் பார்க்கலையா?" என்று கத்திவிட்டேன்.

"லட்சக்கணக்கான தாள்ங்க. அதுவும் இல்லாம, செத்துட்டாங்கன்னு எழுதிக் கொடுத்தவங்களை யாருங்க தேடுவாங்க?" என்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. பாவம், அவளை ஏன் திட்டினேன்?

ஜனவரி 21

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே எழுத மாட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது உறவினரைத் தேடுகிறவர்களின் பெயர்களை தினமும் மத்தியானம் ரேடியோவில் வாசிப்பார்கள். அப்பா சூப்பை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். சுடுவதற்காகக் காட்டுக்குக் கூட்டிப்போன வரிசையில் அத்தை நின்றதைப் பார்த்ததாக ஊர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். ஆனால் சுட்டதை அவர் பார்க்கவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, ரேடியோவுக்கு ஒரு கடிதம் எழுதி உறைக்குள் போட்டு வைத்திருந்தார். நான் பிரித்துப் பார்த்தேன். 'ஸெலிக் தன் அக்கா ஷ்ப்ரின்ஸாவைத் தேடுகிறார்.'

அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். "என் பேரை ரேடியோவுல படிக்கப்போறாங்க! கிளாஸ் முழுக்கக் கேட்கும்! நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்!"

அப்பா என்னைத் திட்டவில்லை. "சரிடா கண்ணு, அழாதே. அவதான் செத்துட்டாளே" என்று சொல்லிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

நான்தான் கிழிக்க வைத்தேன். வேறு யார்?

ஜனவரி 25, ஞாயிறு

டெலிபோன் புத்தகத்தில் அக்கோவில் ஒரே ஒரு கார்லின்ஸ்கிதான். மூன்று தடவை எண்ணைச் சுழற்றிவிட்டு வைத்தேன். நான்காவது தடவை ஒரு ஆண் குரல். ஷ்ப்ரின்ஸா கார்லின்ஸ்கி இருக்கிறார்களா என்று கேட்டேன். இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும். இருந்தாலும் கேட்டேன்.

"அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. யாரு பேசறது?"

"ரீனா. ஹைஃபாவிலிருந்து. உங்க அம்மாவோட தம்பி மகள்."

"எங்க அம்மாவுக்குத் தம்பி இருந்தாரு. கொன்னுட்டாங்க. அவர் பேரைத்தான் எனக்கு வச்சிருக்கா."

அவன் பெயர் ஸெலிக்.

பிப்ரவரி 3, செவ்வாய்

அக்கோ. ஸெலிக் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலையும் தூண்டிலும் விற்கிறான். என்னைவிட மூன்று வயது சின்னவன். காது அப்படியே அப்பாவின் காது. கதவைத் திறந்ததும் அந்தக் காதைப் பார்த்துத்தான் அழுதேன். முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

முதலில் கல்லறைக்குக் கூட்டிப்போனான். அத்தைக்குக் குழி இருக்கிறது அப்பா, நல்ல வெள்ளைக் கல் இருக்கிறது. பூரிம் பண்டிகை கழிந்து நான்காம் நாள் இறந்திருக்கிறாள். தேதி கிடைத்துவிட்டது! கல்லின் கீழே ஒரு வரி: 'இவர் தம்பி ஸெலிக், அடக்கம் எங்கே என்று தெரியாது.' எங்கே என்று எனக்குத் தெரியும். அரை மணி நேரம்.

வீட்டில் கண்ணாடி டம்ளரில் டீ, ஊறப்போட்ட மீன், கறுப்பு ரொட்டி. சுடக் கூட்டிப்போன வரிசை காட்டுக்குள் நுழைந்தபோது அத்தை பள்ளத்தில் உருண்டு தப்பியதையும், ஒரு குடியானவப் பெண் அவளை மாட்டுக் கொட்டகையில் மறைத்து வைத்ததையும் சொன்னான். அத்தையும் தம்பிக்கு, அவரைக் கடைசியாகப் பார்த்த ஆவ் மாதம் நான்காம் நாளில்தான் விளக்கு ஏற்றுவாளாம். வளைகுடாவின் இரண்டு பக்கமும் ஒரே சாயங்காலத்தில், உயிரோடு இருந்த இரண்டு பேருக்கு.

என் நிஜப் பெயரைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தான். "நல்ல கூத்து போ! உயிரோட இருக்கிறவங்க பேரை வச்சா அவங்க ஆயுசு குறையும்பாங்க. எங்கம்மா எண்பது வரைக்கும் கல்லு மாதிரி இருந்தா. கவலைப்படாதே, உன் மேல ஒரு தப்பும் இல்லை."

அதோடு விட்டிருக்கலாம். அலமாரி மேல் ஒரு பழைய ரேடியோவைப் பார்த்தேன். "அது அம்மாவோடது. தேடுறவங்க பேரைப் படிப்பாங்கல்ல, அந்த நேரம் நாங்க மூச்சுவிடக்கூடாது. செத்துப்போன தம்பி ரேடியோவுல எப்படிம்மா வருவாருன்னு கேப்பேன். 'வாயை மூடிட்டுச் சாப்பிடு'ம்பா."

ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டானே. அதை எப்படி வைத்துக்கொள்வேன்? கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

அவன் எழுந்து போனான். டம்ளர்களைக் கழுவினான். கழுவியதையே மறுபடி கழுவினான். பிறகு முதுகைக் காட்டியபடியே, "ஹைஃபா பஸ் ஆறு மணிக்கு" என்றான்.

பிப்ரவரி 16

போன் இல்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

அபுத்புல் தலையைச் சொறிந்தார். "கொன்னுட்டாங்கன்னீங்க, இப்போ பக்கத்து ஊர்ல அடக்கம்ங்கறீங்க. என்னதாம்மா செதுக்கறது?"

'இவர் அக்கா ஷ்ப்ரின்ஸா, அக்கோவில் அடக்கம்.' இவ்வளவு போதும் என்றேன். நடந்ததைச் சொன்னேன், தேதியையும் கொடுத்தேன். எழுதிக்கொண்டார். கூலி வாங்க மாட்டேன் என்றார். சண்டை போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 9

கல்லைப் பார்த்தேன். என் பெயர்தான். தொட்டுப் பார்த்தேன். பதினாறு வருஷம் இதற்கா பயந்தேன்?

மார்ச் 10, புதன்

பூரிம் முடிந்து நாளை நான்காம் நாள். எங்கள் நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். ஐந்தே முக்காலுக்கு பால்கனி ஜன்னலில் விளக்கை வைத்து ஏற்றினேன். அந்தப் பக்கத்து விளக்குகளும் ஒவ்வொன்றாக வந்தன. எந்த ஜன்னல் அவனுடையது என்று தெரியவில்லை.

எண்ணைச் சுழற்றினேன். அவன்தான் எடுத்தான்.

"யாரு?"

யாரு என்று கேட்டவருக்கு இந்தப் பெயரைப் பதிலாகச் சொல்லி நாற்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது.

"ஷ்ப்ரின்ஸா."

வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஷ்ப்ரின்ஸா," என்றான். "விளக்கு ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்."

"நானும் இப்பத்தான் ஏத்தினேன்."