நானூற்றுப் பன்னிரண்டு நீல முகங்கள்

சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் நலம், முக்கியமாக என் கண் நலம், கண்ணை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும். அப்பா போனில் ஓதியதைக் கேட்டுவிட்டு, நீதான் கொஞ்சம் விட்டுக்கொடேன் அம்மா என்று எழுதியிருக்கிறாய். அவர் சொன்னது பாதி. முழுதும் நான் சொல்கிறேன். சூளை திறந்த அன்றைக்கு எங்கள் டைல் பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். முதலாளி. அவருடைய படித்த மருமகள். சூளைக்காரர். என் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து ஓரத்துப் பூங்கொடி போடும் உன் சித்தி. சாப்பாட்டு டப்பா கொண்டுவந்த உன் அப்பா. ஒரு பூனையும் இருந்தது, அதன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

புது பஸ் நிலையத்தின் காத்திருக்கும் கூடத்துக்கு ஒரு சுவர் முழுக்க டைல் படம் வேண்டும் என்று ஆர்டர் வந்தது உனக்குத் தெரியும். கோயில் நகரம் ஒன்று, நாலு பக்கம் நாலு கோபுரம், நடுவில் குளம், குளத்தைச் சுற்றித் தெருவுக்குள் தெரு, தெரு முழுக்க ஜனங்கள். முந்நூறு டைல். படத்தைக் காகிதத்தில் போட்டவள் மருமகள். கோபுரத்தை ஒவ்வொரு பொம்மையாக எண்ணிப் போட்டிருந்தாள், ஜனங்களை மட்டும் மூஞ்சி இல்லாத முட்டையாக விட்டுவிட்டாள். முகத்தை அம்மாவே பார்த்துப் போட்டுக்கட்டும் என்று முதலாளி என்னிடம் தள்ளினார். நான் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே இருக்கிற ஆட்களுக்கு நான் எங்கே போவேன், எனக்குத் தெரிந்த ஆட்களைத்தான் குடிவைத்தேன். குளத்துப் படியில் ஒண்டுக் குடித்தனத்தில் நமக்குத் தண்ணீரை அடைத்த வீட்டுக்காரி, கையில் சாவியோடு. தெற்குக் கோபுர வாசலில் உன்னை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த கணக்கு வாத்தியார், அதே சொட்டை, அதே மரு, இடது பக்கம். பெரியவள் கல்யாணத்தில் என் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்ட சம்பந்தியின் அக்கா, நாலாவது தெரு முனையில். இப்படி மூன்று மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு முகம். நல்லவர்களையும் போட்டேன், ஆனால் நல்லவர்கள் அவ்வளவு பேர் கிடைக்கவில்லை. உன் சித்தியைக் கிழக்குத் தெருவில் நிறுத்தினேன், வாயைத் திறந்தபடி, பக்கத்தில் இருப்பவளிடம் எதையோ சொல்லிக்கொண்டு. கொஞ்சம் பெரிதாகவே திறந்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன். உன் அப்பாவை மண்டபத்து நிழலில் டப்பாவும் கையுமாக உட்காரவைத்தேன், முடியெல்லாம் வைத்து.

அந்த நேரத்தில்தான் பெரியவளுக்குப் பிரசவம், நான் ஒன்பது நாள் அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். சுடாத டைலில் கலர் எப்படி இருக்கும் என்று நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். தோலுக்குப் போடுகிற கலர் சாம்பல் கலந்த சேறு மாதிரி இருக்கும், நெருப்புக்குள் போய்வந்தால்தான் மனிதத் தோலாகும். ரோஜாப்பூ மாதிரி ஒரு பொடி இருக்கிறதே, பார்த்தால் கன்னத்தில் பூசிக்கொள்ளலாம் போல, அதுதான் சூளைக்குள் போய்க் கருநீலமாக வரும், ஒரு துளி பட்டாலும் மற்ற கலரை விழுங்கிவிடும். மருமகள் கலரைக் கம்ப்யூட்டரில் படித்தவள். என்ன இது, ஊரே சேற்றில் விழுந்து எழுந்த மாதிரி இருக்கே, கொஞ்சம் களை வேண்டாமா என்று சொல்லிவிட்டு, அந்த ரோஜாப் பொடியைக் குழைத்து நானூற்றுப் பன்னிரண்டு முகத்துக்கும் களை ஏற்றியிருக்கிறாள். ரெண்டு நாள் வேலை. ரெண்டு நாளும் சித்தி பக்கத்துப் பலகையில் கொடி போட்டுக்கொண்டிருந்தாள். சூளைக்காரர் நாலு தரம் குறுக்கே போய் வந்திருக்கிறார். ரெண்டு பேருக்கும் அந்தப் பொடியை இருபத்தாறு வருடமாகத் தெரியும். நான் திரும்பி வந்தபோது மேலே, சுட்டால் கண்ணாடியாகிற வெள்ளைப் பூச்சை ஊற்றி, சூளையில் அடுக்கி, நெருப்பும் வைத்தாகிவிட்டது.

சூளை ஆறித் திறந்தார்கள். கோபுரம் அழகு, குளம் அழகு, சித்தியின் கொடிகூட நேராக வந்திருந்தது. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் மூஞ்சி நீலம். பேனா மை குடித்த மாதிரி. முதலாளி ஒவ்வொரு டைலாக எடுத்துப் பார்த்துவிட்டு, முகம் யாரும்மா போட்டது என்று கேட்டார், தெரியாதவர் போல. நான் நிதானமாகத்தான் சொன்னேன், இது நீலப் பொடி, சேற்றுக் கலருக்கு மேலே யாரோ பூசியது, ஒன்பது நாள் நான் இங்கே இல்லை என்று. மருமகள் நகத்தைப் பார்த்தாள். சூளைக்காரர், நான் நெருப்பைப் பார்க்கிறவன், கலரைப் பார்க்கிறவன் இல்லை என்றார். சித்தி, வாழ்க்கையில் முதல்முறையாக, எதுவும் பேசவில்லை. ஆனாலும் முதலாளி முட்டாள் இல்லை, அவர் தலை மெதுவாக மருமகள் பக்கம் திரும்பியது, நான் என் கண்ணால் பார்த்தேன். சரியாக அந்த நேரத்தில் உன் அப்பா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். அவளுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்லை முதலாளி, வயசாச்சு, வீட்டிலயும் உப்புக்குச் சர்க்கரை எடுக்கிறா, பெரிய மனசு பண்ணி மன்னிச்சுக்குங்க என்றார். கையைக் கூப்பிக்கொண்டு. முதலாளியின் தலை பாதி வழியிலேயே நின்றது. வேறு வழி கிடைத்துவிட்டது அல்லவா. கண்ணு தெரியாதவங்களை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது, நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க என்றார். உப்புக்குச் சர்க்கரை எடுத்தது ஒரே ஒரு தரம், அதுவும் டப்பாக்களை இடம் மாற்றி வைத்தது உன் அப்பா.

திறப்பு விழாவுக்கு நாலே நாள், மறுபடி செய்ய நேரமில்லை, அப்படியே சுவரில் பதித்துவிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. பஸ் பிடிக்கப் போகிறவளாகப் போய்ப் பின்னால் நின்றேன், பஸ் நிலையத்துக்குள் போக யார் அழைப்பு வேண்டும். திறந்துவைக்க வந்த பெரிய அதிகாரி சுவரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முதலாளி வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். அதிகாரி மைக்கைப் பிடித்து, இந்த நகரத்தில் கோயிலுக்குள் மட்டும் கடவுள் இல்லை, தெருவில் நடக்கும் ஒவ்வொரு மனிதரும் கடவுள்தான் என்று இந்த நீல முகங்கள் சொல்கின்றன, எப்பேர்ப்பட்ட சிந்தனை என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. மருமகள் மேடை ஏறி, இதை யோசிக்கவே மூன்று மாதம் ஆனது என்றாள். கூட்டம் கலைந்ததும் கிட்டே போய்ப் பார்த்தேன். தண்ணீரை அடைத்த வீட்டுக்காரி கடவுள். கணக்கு வாத்தியார் மருவோடு கடவுள். சம்பந்தியின் அக்காவுக்கு யாரோ ஒரு பூவே வைத்துவிட்டார்கள். நான் இத்தனை வருடம் மறக்காமல் சேர்த்துவைத்த அத்தனை பேரையும் ஒரே சூடு கும்பிடத்தக்கவர்களாக ஆக்கிவிட்டது. கிழக்குத் தெரு எதிரே ஒரு அம்மாள் மகளிடம் காட்டிக்கொண்டிருந்தாள், பாரு, இந்தச் சாமி வாய் திறந்து பாடுது. உன் சித்தி.

சித்தியை வீட்டுக்கு வரவழைத்துக் கேட்டேன், ஏண்டி, பொடி பூசறப்போ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. உடனே சொன்னாள், நீ என்னை வாயாடின்னு ஊருக்கே வரைஞ்சு வெச்ச, சரி, அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும், வாயைக் குறைப்போம்னு ரெண்டு நாள் மூடிக்கிட்டு இருந்தேன், அதுக்கும் திட்டுறியேக்கா என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போன பிறகுதான் சிரித்தேன். அவள்மேல் கோபம் இருக்கிறது, ஆனால் அது நேரான சண்டை, நான் பிரஷ்ஷால் குத்தினேன், அவள் மௌனத்தால் குத்தினாள். அடுத்த வாரம் சாப்பிட வருகிறாள், வரட்டும்.

போன வியாழக்கிழமை முதலாளியே நம் வீட்டுக்கு வந்தார். இன்னொரு ஊரில் இன்னொரு கூடம், இதே மாதிரி சுவர், இதே மாதிரி நீல முகம் வேண்டுமாம். மருமகள் போட்ட முகமெல்லாம் கரண்டிக்குக் கண் வைத்த மாதிரி இருக்கிறதாம். வருகிறேன், ஆனால் அன்றைக்கு இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் தப்பு என் கண்ணில் இல்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்றேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, எந்தத் தப்பும்மா என்றார். அதைத் தப்பு என்று சொன்னால் அதிகாரி பாராட்டியது என்ன ஆகும், பேப்பரில் வந்தது என்ன ஆகும். யோசித்துப் பார், தப்பே நடக்கவில்லையாம், ஆனால் அதற்காக என்னை அனுப்பியது மட்டும் நடந்திருக்கிறது. கடைசியில் கோர்க்காத ஊசி ஒன்றை எடுத்துவந்து, அவர் மூக்குக்கு நேரே ஒரே தரத்தில் நூல் கோர்த்துக் காட்டினேன். பார்த்தார். சரிம்மா திங்கட்கிழமை வாங்க என்றார். ரோஜாப் பொடி டப்பா என் பலகையில்தான் இருக்கும் என்றேன், அதற்கும் சரி என்றார். அது என் பலகை, மன்னிப்பு வரும் வரை அதில் வேறு எவளாவது உட்காரட்டும் என்று விடுவதற்கு நான் பைத்தியம் இல்லை.

குட்டிக்குத் தலைக்கு எண்ணெய் வை, வெறும் காலோடு தரையில் விடாதே. நீயும் வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, நீ செய்யாத தப்புக்கு உனக்காக யாரையும் மன்னிப்புக் கேட்க விடாதே, அது எவ்வளவு அன்பான ஆளாக இருந்தாலும். முதலாளியை விட்டுவிட்டேன், மருமகளுக்கு வயசு போதாது, சூளைக்காரர் என்றைக்குமே அப்படித்தான். இந்தப் புதுச் சுவரில் எல்லோரையும் நானே என் கையால் நீலமாக்கிவிடப் போகிறேன், எல்லோரும் கடவுளாகித் தொலையட்டும். மண்டபத்து நிழலில் டப்பாவோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தர் முகத்துக்கு மட்டும் வெறும் தோல் கலர்தான். ஊரே நீலமாக இருக்க அவர் மட்டும் மனிதராக உட்கார்ந்திருப்பார், அதற்கும் யாராவது மைக்கைப் பிடித்து ஒரு அர்த்தம் சொல்வார்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகிறவரும் அவர்தான், வழியில் பிரித்துப் படிப்பார் என்றும் தெரியும். படிக்கட்டும்.

கண் நன்றாகத் தெரிகிற,
உன் அம்மா.

நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான்: உன் அப்பா.