மாமா காரை விட்டு இறங்க மாட்டேன் என்றார்

என் அன்பு அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பாதிக் கோபம் உன் வீட்டுக்காரர் மேல், மீதி உன் மேல். இந்த மனுஷனை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நீ எங்களை விட்டுப் போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. மாமா ராஜகீழ்ப்பாக்கம் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. எந்நேரமும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் தெரியாது. நித்யா போட்டுக் கொடுத்தால் சாப்பிடுகிறார், தட்டை அங்கேயே வைத்துவிடுகிறார். வேலைக்கும் போய், அவரையும் பார்த்துக்கொண்டு, உன் பெண் பாதியாக இளைத்துவிட்டாள். மாமா மனசு நோகக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் அளந்து அளந்து பேசிக்கொண்டிருந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரையும் மதுராந்தகம் பக்கம் என் நண்பரின் நெல் வயலுக்கு அழைத்துப் போனேன். நடவு நடக்கிறது, சும்மா காற்றாட உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். ஊரப்பாக்கம் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது. மாமா வாயைத் திறக்கவில்லை. நித்யா பின் சீட்டில் லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் வேலை பார்த்தாள். நான் யாருக்காகக் கார் ஓட்டுகிறேன் என்று எனக்கே புரியவில்லை.

போய்ச் சேர்ந்தால், மாமா இறங்க மாட்டேன் என்கிறார்.

“நீங்க போய்ட்டு வாங்க செந்தில். நான் ஏசியிலயே இருக்கேன்.”

“உங்களுக்காகத்தான மாமா இவ்ளோ தூரம் வந்தோம்!”

“நான் கேட்டேனா?”

கத்திவிட்டேன் அக்கா. “அக்கா போனது உங்களுக்கு மட்டுமா? நித்யாவுக்கு அம்மா இல்லியா? அவ அழுது என்னைக்காவது பாத்திருக்கீங்களா?”

“மாமா, விடுங்க, ப்ளீஸ்” என்று நித்யா என் கையைப் பிடித்தாள்.

மாமா இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு, ஷூவோடு வரப்பில் விறுவிறுவென்று நடந்தார். பத்தடி போயிருக்க மாட்டார். வழுக்கி, புதிதாக நட்ட வயலில் முழங்கால் வரை இறங்கிவிட்டார். நான் ஓடுவதற்குள், நட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்தார்.

“ஏங்க! நட்டத மிதிச்சிக்கினு நிக்கறீங்களே, கண்ணு தெரில? இடுப்பு ஒடிய நட்டுக்கினு கீறோம்!”

இத்தனை மாதத்தில் அவரை யாரும் இப்படி அதட்டியதில்லை. “மன்னிச்சுக்கம்மா” என்றார் மாமா. குனிந்து, சாய்ந்த நாற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து நடத் தொடங்கினார். “அவ்ளோ ஆழமா அழுத்தாதீங்க” என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல, சரி சரி என்று தலையாட்டினார்.

வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நித்யா சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. மாமா சேற்றுக் கையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீ ரூம்ல அழறது எனக்குக் கேக்கும்மா. இன்னா சொல்றதுன்னு தெரியாமதான் டிவி சவுண்ட ஏத்திடுவேன்.”

இதைச் சொல்ல இவருக்குப் பதினொரு மாதமா அக்கா?

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. திரும்பி வரும்போது மறுபடியும் வாய்க்குப் பூட்டு. வீட்டு வாசலில் இறங்கியவர், போய் வா என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நான் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். இப்படிப்பட்டவரோடு முப்பது வருஷம் எப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தாய்?

இந்த வாரம் மாடம்பாக்கம் கோயில் வரைக்குமாவது கூப்பிடப் போகிறேன். வர மாட்டேன் என்பார். சண்டை வரும், வரட்டும். ஒரே வீட்டுக்குள் அப்பாவும் பெண்ணும் தனித்தனியாக அழுவதை மட்டும் இனி விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் ஒரே தம்பி,
செந்தில்