ஆடியில் வாங்கிய கார்

அண்ணே,

நேற்று அம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில், தெற்கு ரத வீதியில் ஒரு சின்னக் கார் மாட்டிக்கொண்டு நின்றது. கூரை கிடையாது, இரண்டே இருக்கை. ஓட்டி வந்தவர் வெளியூர்க்காரர் போல. தபசு அன்று இந்தப் பக்கம் வண்டியைக் கொண்டுவரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வெயிலில் காய்ந்த தோல் இருக்கையும் பெட்ரோலும் கலந்த அந்த வாடை, சூடம், பூ வாசனையையெல்லாம் தள்ளிவிட்டு நேராக என் மூக்குக்கு வந்தது. அர்ச்சனைத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். "ஏ அக்கா, நடங்க. வழியில நின்னா எப்படி?" என்று பின்னால் வந்தவள் இடித்தாள். கோவிலுக்குள் போகாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நீ போய் இது மூன்றாவது ஆடி. நீ உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். எனக்கு எப்போதுமே இப்படித்தான், பஸ் போன பிறகு கை காட்டுகிற புத்தி.

சிங்கப்பூரில் எட்டு வருஷம் லாரிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தாய். வயலுக்கு பம்ப்செட், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், எனக்கு டைப்ரைட்டிங் படிப்பு என்று எல்லாம் உன்னிடமிருந்து வந்தது. உனக்கென்று நீ வாங்கிய ஒரே பொருள் அந்தப் பச்சைக் கார். சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஓர் இங்கிலீஷ்காரர், பேர் மாற்றும் தாளில் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் போட்டு உன்னிடம் விட்டுப்போனது. 'எடையே இல்லை, ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும்' என்று எழுதியிருந்தாய். எமர்ஜென்சி முடிந்து ஓரிரு வருஷம் இருக்கும். நீ வாங்கியது ஆடி பிறந்து இரண்டாம் நாள்.

கடிதத்தை நான் வாசித்ததும் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஆடியிலயா வாங்கினான்? சரி, வாங்கினது வாங்கியாச்சு. பேரு மாத்துததை ஆவணிக்கு வச்சிக்கிடச் சொல்லு. எழுதுட்டி." எனக்கும் அதில் முழுச் சம்மதம். ஊரே அம்மனோடு தவம் இருக்கிற மாதத்தில் இங்கே யாரும் ஒரு கன்றுக்குட்டிகூட வாங்க மாட்டார்கள். 'கார் வாங்கியதில் சந்தோஷம், ஆடியில் பேர் மாற்ற வேண்டாம்' என்று நீல ஏர் லெட்டரில் எழுதினேன். நீ என்னைப் பஞ்சாங்கப் பைத்தியம் என்று கேலி செய்வாய். ஆனால் சொன்னபடி கேட்டாய்.

அப்பா வயலுக்குப் போன பிறகு, அதே தாளில் மீதியிருந்த இடத்தில் இன்னொன்றையும் எழுதினேன். புளியங்குடிப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி. வேறு சாதி, கட்டினால் அவரைத்தான் கட்டுவேன், நீ ஊருக்கு வந்து அப்பாவிடம் பேச வேண்டும், அதுவரை மூச்சு விடாதே என்று. பெரியப்பா மகள் அப்படி ஒருத்தரோடு போனதிலிருந்து அவள் பெயரை நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. உன்னைத் தவிர எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

மறு வருஷம் ஆடிக் கடைசியில் வேலை முடிந்து வந்தாய். கார் கப்பலில் மெட்ராஸ் வந்து சேர்ந்தது. அங்கேதான் இடி. நிரந்தரமாகத் திரும்புகிறவர் கார் கொண்டுவரலாம், ஆனால் ஒரு வருஷமாவது அது அவரிடம் இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். உன்னிடம் ஒரு வருஷத்துக்கு மேலேயே இருந்தது. காகிதத்தில் ஆவணியில்தான் பேர் மாறியிருந்ததால் பதினைந்து நாள் குறைந்தது. போன ஆடியிலேயே கார் உன் கையில் இருந்தது என்று காட்டத் தபால் முத்திரையோடு ஒரு கடிதம் இருந்தால்கூடப் போதும் என்று சுங்க அதிகாரி சொல்லியிருந்தார். கடிதம் உன்னிடம் இருந்தது. எழுதினவள் வந்தால் நல்லது என்று என்னையும் கூப்பிட்டாய். கூடவே அப்பாவும் ரயில் ஏறிவிட்டார். மகன் காரில் கரிவலம்வந்தநல்லூர் வழியாக ஊருக்குள் வந்து இறங்கப்போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

முதல் நாள் கிடங்கில் காரைக் காட்டினாய். பின்பக்கத்தைக் கையால் பிடித்து அரை அடி தூக்கிக் காட்டியபோது உன் முகத்தைப் பார்த்தேன். அதற்கு முன் நான் பார்த்திராத முகம். அப்பா காரைச் சுற்றி வந்து, "மூணாவது ஆளு எங்கனல உக்காருதது?" என்றார்.

மறுநாள் காலை லாட்ஜில், "அப்பா தூங்கட்டும். நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்திருவோம்" என்று மெதுவாகச் சொன்னாய். நான் செருப்பு மாட்டும்போது குளியலறைக் கதவு திறந்தது. அப்பா திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டி நின்றார். "ஏலே, என்னைய விட்டுட்டுப் போகலாம்னா பாக்க?" நீ ஃபைலைத் திறந்து, அந்த நீலத் தாளை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். வாத்தியார் விஷயமும் அதில்தான் இருந்தது. ஒரே தாள், பாதியைக் கொடுத்துப் பாதியை மறைக்க வழியில்லை.

அதிகாரி நல்ல மனிதர், தமிழர். மேஜை மேல் இருந்த எதையும் வாய்விட்டு வாசிக்கிற பழக்கம் அவருக்கு. உன் பாஸ்போர்ட்டை வாசித்தார், பதிவுப் புத்தகத்தை வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் எனக்கு வியர்த்தது. உனக்கு மறுபக்கத்து நாற்காலியில் அப்பா இருந்தார்.

"நான் கேட்ட கடிதம் இருக்கா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார்."

உன் வெள்ளை டெரிலின் சட்டைக்குள் நீல நிறம் தெரிந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீ பார்த்தாய்.

அப்பா பதறிவிட்டார். "என்னலே இல்லங்க? ஆடியில பேரு மாத்தாண்டாம்னு நான்தானே எழுதச் சொன்னேன். சார், எழுதினது இந்தா இருக்கா, என் மக." என்னிடம் திரும்பினார். "சொல்லு மக்கா. நீ எழுதின கடுதாசி எங்கன?"

நீ ஜன்னலைப் பார்த்தாய். என்னைப் பார்த்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

"வாசிச்சிட்டுக் கிழிச்சிப் போட்டிருப்பான்பா. அவனுக்கு எதையும் பத்திரமா வைக்கத் தெரியாது" என்றேன்.

எப்படித்தான் அந்த இரண்டாவது வாக்கியம் வந்ததோ. முதல் பொய்யே போதுமே.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "அப்ப, வேற ஆதாரம் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. பின்னாடி எதைக் கொண்டுவந்தாலும் புதுசா தயாரிச்சதுன்னுதான் சொல்லுவாங்க." நீ எழுதினாய். கார் கிடங்கிலேயே நின்றது. பிறகு ஏலத்தில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

திரும்பி வரும் ரயிலில் அப்பா மதுரை வரை உன்னைத் திட்டினார். "ஒரு தாளைப் பத்திரமா வைக்கத் துப்பில்ல, இவனுக்குக் காரு" என்று அடுத்த பெட்டிக்கே கேட்டது. நீ சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினாய். சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

இரண்டு வருஷம் கழித்து என் விஷயத்தை நீ அப்பாவிடம் சொன்னாய். நாம் பயந்த மாதிரி வானம் இடிந்து விழவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தார், மூன்றாம் நாள், "வாத்தியாருக்கு வயக்காடு உண்டா?" என்று கேட்டார். கல்யாணப் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இதற்குப் பயந்தா காரை விட்டோம் என்று அன்று உன்னைப் பார்த்தேன். நீ ஒலிபெருக்கிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாய்.

அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா சாகிறவரை, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் மகன் ஒரு காகிதத்தைத் தொலைத்துக் காரைக் கோட்டைவிட்ட கதையைச் சொன்னார். நான் புருஷன் வீட்டிலிருந்து வந்திருக்கும் நாட்களில், அதைக் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்திருக்கிறேன். நீ புளியங்குடி ரோட்டில் பட்டறை போட்டு, எலுமிச்சை ஏற்றுகிற லாரிகளுக்கு அடியில் மறுபடி படுத்தாய். சொந்தமாகக் கார் வாங்கவே இல்லை. ஒரே ஒரு தடவை அந்தப் பேச்சை எடுத்தேன். "விடுட்டி. அதுல மூணு பேரு போக முடியாது" என்று சிரித்து முடித்துவிட்டாய்.

உன்னால் விட முடிந்தது. என்னால் முடியவில்லை அண்ணே. நீ "இல்ல சார்" என்றது எனக்காக. அப்பா பதறியது, ஊருக்குச் சொல்லிவைத்த அவருடைய பெருமைக்காக. நான் வாய் திறந்ததும் எனக்காகத்தான். அந்த மேஜைக்கு முன்னால் உன் இரு பக்கமும் உன் மனிதர்கள் இருந்தோம். உனக்காக ஒருத்தரும் பேசவில்லை.