தீபாவளிக்கு ஒன்பது நாள்

லூனாஸ், கெடா
7 ஜனவரி 2018

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

நாகரத்தினம் எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே உங்கள் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேன் என்று என் மகள் யோகா ஏசுகிறாள். அதனால்தான் கடிதம். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் என் எழுத்து இன்னும் கோடு மாறாமல் நிற்கிறது, பாருங்கள்.

புதுக் காலண்டரில் முதலில் தீபாவளியைத்தான் புரட்டினேன். நவம்பர் ஆறு, செவ்வாய்க்கிழமை. பிள்ளைகள் திங்கள் ஒரு நாள், புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள், ஆக நான்கே நாள் லீவு போட்டால் போதும். முந்தின வெள்ளியிலிருந்து அடுத்த ஞாயிறு வரை பத்து நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. இந்த வருடம் தீபாவளி எங்கள் வீட்டு முறை. ஆனாலும் நீங்களும் வந்துவிடுங்கள். பண்டிகை முடிந்து மூன்று நாள் எல்லோரும் கேமரன் மலைக்குப் போவோம். நம் பேத்தி ஹேமிஷாவுக்கு ஐந்து வயதாகிறது. நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் எங்கேயும் போனதே இல்லை.

மாப்பிள்ளையின் ஓப்பிஸில் லீவு கேட்டு முதலில் பாரம் எழுதிக் கொடுப்பவருக்குத்தான் லீவாம். நான் சொன்னால் மாமியார் அதட்டுகிறாள் என்று ஆகும். நீங்கள் பெற்றவர். நீங்கள் சொல்லுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
நாகரத்தினம்

சிகாமட், ஜொகூர்
21 ஜனவரி 2018

அன்புள்ள அண்ணிக்கு,

பூங்காவனம் எழுதிக்கொண்டது. முதலில் ஒரு திருத்தம். வெள்ளிக்கிழமை ஓய்வு உங்கள் கெடாவுக்கும் எங்கள் ஜொகூருக்கும்தான். பிள்ளைகள் கோலாலம்பூரில் அன்று வேலைக்குப் போகிறார்கள். ஆக ஒன்பது நாள்தான். பத்தாவது நாளை நீங்கள் கெடாவிலிருந்து கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள்.

போன வருடம் என் முறை. இரண்டே நாள் இருந்தார்கள். மூன்றாம் நாள் விடியும்போதே "ரோடு ஜாம் ஆயிடும்மா" என்று கிளம்பிவிட்டார்கள். உங்கள் முறைக்கு மட்டும் ஒன்பது நாளா என்று வயிறு எரிந்தது உண்மை. என்னையும் கூப்பிட்டீர்களே, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

லோகேஸுக்குப் போன் அடித்தேன்.

"டேய், நவம்பருக்கு நாலு நாள் லீவு போட்டுட்டியா?"

"இப்பதானே ஜனவரி லா, அம்மா."

"உங்க ஓப்பிஸ்ல மத்தவங்க போன மாசமே போட்டிருப்பாங்க."

"பாக்கலாம்மா."

"யோகாகிட்ட போன குடு. நான் சொல்லிக்கிறேன்."

"அவ குளிக்கிறா."

அரை மணி நேரம் கழித்து மறுபடி அடித்தேன். அப்போதும் குளித்துக்கொண்டிருந்தாளாம். கோலாலம்பூரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை போல.

கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
பூங்காவனம்

லூனாஸ்
16 மே 2018

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

தேர்தலுக்கு ஓட்டுப் போட யோகா பாப்பாவோடு இங்கே வந்தாள். மாப்பிள்ளைக்கு ஓட்டு உங்கள் ஊரில் என்பதால் அங்கே வந்திருப்பார். அது சரி. ஆனால் மறுநாளே வியாழனும் வெள்ளியும் பொது விடுமுறை என்று சொல்லிவிட்டார்களே, யார்தான் எதிர்பார்த்தோம்? புதனிலிருந்து ஞாயிறு வரை ஐந்து நாள். ஒரு பாரமும் நிரப்பாமல் கிடைத்தது.

"மாப்பிள்ளைய வரச் சொல்லுடி. சும்மா வந்த லீவு" என்றேன்.

"அவருக்கு அங்க வேல இருக்கும்மா."

"லீவு நாள்ல என்னடி வேல?"

"அம்மா, சோத்தப் போடுங்க."

பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து கோழித் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள், "இது அம்மா லீவு, பாட்டி. அப்பா லீவு அப்புறம் வரும்." யோகா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். குடம் பக்கத்திலேயே இருந்தது.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு உதவி செய்யுங்கள். மாப்பிள்ளை இந்த வருடம் எந்தெந்த நாள் லீவு போட்டிருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.

நாகரத்தினம்

சிகாமட்
30 ஜூன் 2018

அன்புள்ள அண்ணிக்கு,

அந்த ஐந்து நாளும் லோகேஸ் இங்கே நாற்காலியிலேயே கிடந்தான். ஒரு தடவைகூட யோகாவுக்குப் போன் அடிக்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேனே.

நோன்புப் பெருநாள் முடிந்து மூன்று நாள் வந்தான். பாப்பாவும் அவனும் மட்டும். யோகாவின் ஓப்பிஸில் ஆள் இல்லையாம். அப்போது போனைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்து எழுதிக்கொண்டேன். பிப்ரவரி 2. ஏப்ரல் 30. ஜூன் 18, 19, 20. நவம்பர் 8, 9.

"நவம்பர்ல நாலு கேட்டேன், ரெண்டுதான்டா இருக்கு?"

"மத்த ரெண்டு வேற ஆளு எடுத்தாச்சும்மா."

ஓப்பிஸ் ஆள் யாரோ முந்திக்கொண்டார்கள் போல. உங்கள் பக்கத்துத் தேதிகளையும் கேட்டு எழுதுங்கள்.

பூங்காவனம்

லூனாஸ்
15 ஆகஸ்ட் 2018

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

யோகாவின் தேதிகள்: பிப்ரவரி 19, 20. மே 28. ஜூன் 12, 13, 14. நவம்பர் 5, 7.

காலண்டரில் மாப்பிள்ளை நாளுக்குப் புள்ளி வைத்தேன். மகள் நாளுக்குக் கோடு போட்டேன். எந்தக் கட்டத்திலும் புள்ளியும் கோடும் சேரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

போன வாரம் யோகா வந்தபோது காலண்டரை அவள் முன்னால் வைத்தேன். அவள் விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"ஜனவரிலேர்ந்தும்மா. நானும் பாப்பாவும் கிள்ளான்ல ஒரு கூட்டாளி வீட்டுல ரூம் எடுத்திருக்கோம்."

"அடிச்சாரா?"

"இல்லம்மா."

"வேற யாராச்சும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பேசிக்கிறதுக்கு ஒண்ணுமில்லாம போச்சு. ரெண்டு பேருக்கும்தான்."

பாலர் பள்ளி மூடும் நாளெல்லாம் பாப்பாவை யாராவது பார்க்க வேண்டும். ஒருவர் வேலைக்குப் போனால் மற்றவர் லீவு. அப்படிப் பிரித்துக்கொண்டார்களாம். தீபாவளிக்கும் அப்படித்தான். ஜனவரியில் நான் உங்களுக்கு எழுதிய அதே நான்கு நாள். அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள், அவர் இரண்டு.

நான் அழவில்லை. சோறு வடித்தேன், கோழிக்குத் தீனி வைத்தேன். மறுநாள், கேமரன் மலையில் மூன்று நாளுக்குச் சொல்லி வைத்திருந்த வீட்டுக்காரருக்குப் போன் அடித்து, நாங்கள் வரவில்லை என்றேன். பரவாயில்லை, நிறைய பேர் கேட்கிறார்கள் என்றார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை, பண்டிகை நாள், அதற்கு யாரும் லீவு போட வேண்டியதில்லை. அந்த ஒரு நாள் மாப்பிள்ளை இங்கே வரட்டும். மூன்று பேரும் ஒரே வீட்டில் எண்ணெய் வைத்துக் குளிக்கட்டும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவரிடம் நீங்கள் பேசுங்கள்.

நாகரத்தினம்

சிகாமட்
9 செப்டம்பர் 2018

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்டேன். "செவ்வாக்கிழம அவளோட நாள்மா" என்றான். பொது விடுமுறையையும் பங்கு போட்டாயிற்று. டிசம்பரில் வழக்கறிஞர் முன்னால் கையெழுத்துப் போடுகிறார்களாம். அவனும் சண்டை போடவில்லை. பல்லு பிடுங்கத் தேதி வாங்கியவன் மாதிரி சொன்னான்.

யோகா மேல் எனக்குக் கோபம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வரவில்லை. இவன் மேலும் வரவில்லை. காலையில் எழுகிறேன், மாத்திரை போடுகிறேன், மறுபடி இரவு வந்துவிடுகிறது.

பூங்காவனம்

லூனாஸ்
10 நவம்பர் 2018

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

தீபாவளி முடிந்தது. பாப்பா பச்சைப் பாவாடை போட்டுக்கொண்டாள். நெய்யுருண்டை நான்கு தின்றாள். யோகா என் காலில் விழுந்தாள். பக்கத்து வீட்டார் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்றேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

புதன்கிழமை மாலை பாப்பாவைக் கொடுக்க யோகா கிளம்பினாள். நானும் வருகிறேன், கிள்ளானிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொள்கிறேன் என்று காரில் ஏறிக்கொண்டேன். தாப்பா டோல் தாண்டியதும் ஒரு பெட்ரோல் நிலையம், அங்கேதான். கேமரன் மலைக்குப் போகிற கார்கள் ரோடு முழுக்க நின்றன. எல்லாக் காரிலும் பிள்ளைகள். மாப்பிள்ளையின் கார் எங்களுக்கு முன்பே வந்து ஓரமாக நின்றது. கண்ணாடியெல்லாம் கறுப்பு. பின் சீட்டில் உங்கள் தலை தெரிகிற மாதிரி இருந்தது.

"நீங்க எறங்காதீங்கம்மா. பாத்தா பாப்பா அழுவா" என்றாள் யோகா.

அவர் வந்து பையை வாங்கிக்கொண்டார். குனிந்து, "நல்லாருக்கீங்களா அத்தே?" என்றார்.

"இருக்கேன் தம்பி" என்றேன். மாப்பிள்ளை என்று வாயில் வரவில்லை.

பாப்பா அழவேயில்லை. ஒரு கையை விட்டு இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு போனாள், பஸ் மாறுகிற மாதிரி. கதவு திறந்து மூடியது.

நான் கண்ணாடியை இறக்கி உங்களுக்குக் கை காட்டினேன். மூன்று முறை. உங்கள் பக்கத்துக் கண்ணாடி இறங்கவில்லை. கார் போய்விட்டது. நீங்கள் கோபமாக இருந்தால் அது நியாயம்தான், வீட்டை விட்டு வந்தவள் என் மகள். கோபம் இல்லையென்றால் ஒரு வரி எழுதுங்கள்.

நாகரத்தினம்

சிகாமட்
24 நவம்பர் 2018

அன்புள்ள அண்ணிக்கு,

நான் அந்தக் காரில் இல்லை. அன்று கோலாலம்பூரில் அவன் வீட்டில் இருந்தேன்; அவன் வேலை முடிந்து கிளம்பியபோது நானும் வருகிறேன் என்று சேலை மாற்றிக்கொண்டு நின்றேன். "எதுக்கும்மா, அஞ்சு நிமிஷ வேல" என்று விட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் பின் சீட்டில் எப்போதும் தலையணையும் துணிப் பையும் கிடக்கும். அதைத்தான் பார்த்திருப்பீர்கள்.

மறுநாள் பாப்பாவோடு இங்கே வந்துவிட்டோம், ஞாயிறு வரை இருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள். உங்கள் வீட்டுக் கோழிகளைப் பற்றிச் சொன்னாள்.

அடுத்த மாதம் கையெழுத்து ஆன பிறகு உங்களை என்ன உறவு சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. லோகேஸிடம் கேட்டேன். அதெல்லாம் இப்ப எதுக்கும்மா என்றான்.

நீங்கள் மூன்று முறை கை காட்டியதாக எழுதியிருந்தீர்கள். வாங்கிக்கொண்டேன்.

பூங்காவனம்